இராசவள்ளிக் கிழங்கைக் கொடித்துண்டில் பெருக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் காச்சில் என்றும், யாழ்ப்பாணத்தில் இராசவள்ளி என்றும், வேறு சில இடங்களில் பெருவள்ளி என்றும் வழங்கும் கிழங்கை நான் சில ஆண்டுகளாகக் கொடித்துண்டுகளிலிருந்து பெருக்கி வருகிறேன். தோட்டத்துக்கு வருகிறவர்களும் தொலைபேசியில் அழைக்கிறவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே எழுப்புவதால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

"வள்ளிக்கிழங்குக் கொடியை வெட்டி நடுறதுல புதுசா என்ன இருக்கு? எங்க தாத்தா காலத்துலயே நட்டாங்களே?"

அவர்கள் நட்டது சர்க்கரைவள்ளியாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் வத்தாளை என்று சொல்வதும் அதுவே. அதன் கொடி மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் விடும். கொடி நுனியை வெட்டி வரப்பில் ஊன்றினால் நான்கு மாதத்துக்குள் முழு விளைச்சலே கிடைத்துவிடும். மரவள்ளியில் முற்றிய குச்சியை நடுகிறோம். பெயரில் 'வள்ளி' என்பது பொதுவாக இருந்தாலும் இவை மூன்றும் ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று குடும்பங்களைச் சேர்ந்த பயிர்கள்.

இராசவள்ளி டயாஸ்கோரியா பேரினத்தைச் சேர்ந்தது; அதன் அறிவியல் பெயர் டயாஸ்கோரியா அலாட்டா. அதன் கொடியை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்: உருண்டையாக இராது, நான்கு பட்டையாக இருக்கும், ஒவ்வொரு மூலையிலும் மெல்லிய சிறகு போன்ற விளிம்பு ஓடும். அறிவியல் பெயரில் உள்ள 'அலாட்டா' என்ற சொல்லுக்குச் 'சிறகுடைய' என்பதே பொருள். இந்தக் கொடியைச் சர்க்கரைவள்ளியைப் போல வெட்டி மண்ணில் ஊன்றினால் பெரும்பாலும் வாடிச் சாகும். அதற்கென்று தனியான காலமும் தனியான முறையும் உண்டு. கீழே உள்ள விடைகள் அனைத்தும் இந்த ஒரு கிழங்கைப் பற்றியவை.

"கிழங்கையே வெட்டி நடலாமே அண்ணாச்சி, எதுக்கு இந்த மெனக்கெடு?"

நடலாம். காலங்காலமாக அப்படித்தான் நட்டு வருகிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 90 சென்டிமீட்டர் இடைவெளியில் குழி எடுத்தால் ஓர் ஏக்கருக்குச் சுமார் 5,000 குழிகள் வரும். குழிக்கு 250 கிராம் எடையுள்ள துண்டு வைத்தால் விதைக்கு மட்டும் 1,250 கிலோ கிழங்கு வேண்டும். சமைத்து உண்ணவோ விற்கவோ வேண்டிய கிழங்கு அது. நெல் ஒரு மணிக்கு நூற்றுக்கணக்கில் திருப்பித் தருகிறது; இந்தக் கிழங்கோ நட்ட எடையைப் போலப் பத்து மடங்கு தந்தாலே நல்ல விளைச்சல் என்கிறோம். நல்ல இரகம் ஒன்று கைக்கு வந்தாலும் அது பரவுவதற்குப் பல ஆண்டுகள் ஆவது இதனால்தான்.

உலகின் டயாஸ்கோரியா வகை வள்ளிக்கிழங்குகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விளையும் மேற்கு ஆப்பிரிக்காவில் இதே சிக்கல் மிகப் பெரிதாக இருந்தது. அங்கேதான், 25 கிராம் அளவுள்ள சிறு துண்டுகளாகக் கிழங்கை வெட்டி நடும் முறை முதலில் உருவானது. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் அந்த முறையை இராசவள்ளிக்கும் பொருத்திக் கொடுத்தது. கொடித்துண்டு முறை அதற்கும் அடுத்த படி. நைஜீரியாவின் இபாடான் நகரில் உள்ள வெப்பமண்டல வேளாண்மைக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இதில் நீண்ட காலமாக உழைத்து வருகிறது. இதில் கிழங்கை வெட்டவே வேண்டியதில்லை. தாய்ச்செடியின் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போதே அதன் கொடியிலிருந்து அடுத்த ஆண்டுக்கான விதையை எடுத்துக்கொள்கிறோம்.

"கொடித்துண்டு வச்சா வர்ற பொங்கலுக்குக் கிழங்கு கிடைக்குமா?"

கிடைக்காது. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் தொடங்கியவர்கள் அனைவரும் ஏமாந்திருக்கிறார்கள். கொடித்துண்டு முதல் ஆண்டில் தருவது குட்டிக்கிழங்கு மட்டுமே. அது நிலக்கடலை அளவிலிருந்து எலுமிச்சம்பழ அளவு வரை இருக்கும். அந்தக் குட்டிக்கிழங்கை அடுத்த சித்திரையில் நட்டால், அதற்கடுத்த தைப்பொங்கலுக்குத்தான் சமைக்கத் தகுந்த கிழங்கு கிடைக்கும். எனவே இதை விதை உற்பத்தி முறையாகவே கருத வேண்டும்.

"எந்த மாசத்துல வெட்டணும்?"

சித்திரையில் நட்ட செடியாக இருந்தால் ஆடி முதல் பாதியிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை. மாதத்தைவிடக் கொடியின் வயதே முக்கியம்: முளை வெளிவந்து இரண்டரை மாதம் ஆகி, பக்கக் கிளைகள் நன்றாக ஓடியிருக்க வேண்டும், பூவெடுத்திருக்கக் கூடாது, அடியில் கிழங்கு பருக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. பருக்கத் தொடங்கிய பிறகு செடியின் போக்கே மாறிவிடுகிறது. அதன்பின் வெட்டிய துண்டு வேர் விடுவதையும் துளிர்ப்பதையும் விட்டுவிட்டு, கையிலிருக்கும் கொஞ்ச உணவையும் ஒரு சிறு கிழங்காக உருட்டி வைத்துவிட்டு ஓய்ந்துவிடும்.

முதல் ஆண்டில் நான் ஐப்பசி மழைக்காகக் காத்திருந்து வெட்டினேன். ஈரம் இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணினேன். நாற்றுத்தட்டு நிறைய வைத்த துண்டுகளில் பாதிக்கு மேல் அழுகிவிட்டன. பிழைத்தவை மார்கழியில் பட்டாணி அளவுக் கிழங்குகளைக் கொடுத்தன. அவற்றில் ஒன்றுகூட அடுத்த கோடையைத் தாண்டவில்லை.

கன்னியாகுமரி, தென்காசிப் பக்கம் ஆடியில் சாரல் இருப்பதால் வேலை எளிது. தூத்துக்குடி, திருநெல்வேலியின் கிழக்குப் பகுதிகளில் அதே மாதத்தில் வறண்ட காற்று வீசும். அங்கே உள்ளவர்கள் நிழல்வலைக்குப் பக்கவாட்டிலும் மறைப்புக் கட்டிய பிறகே தொடங்க வேண்டும்.

"கொடியில எந்தப் பாகம் நல்லது? எத்தனை கணு விடணும்?"

முதன்மைக் கொடியைத் தொடாமல் பக்கக் கிளைகளை எடுங்கள். கிளையின் நுனியில் உள்ள இரண்டு, மூன்று கணுக்கள் மிக இளசு, வாடிவிடும். அடிப்பக்கத்தில் நாரேறிய பகுதி முற்றல். வேர் விடத் தாமதிக்கும். நடுவில், நகத்தால் அழுத்தினால் பதியும் ஆனால் வளைத்தால் நசுங்காத பகுதியே ஏற்றது. ஒரு கணுவும் அதிலுள்ள இலைகளுமே ஒரு துண்டுக்குப் போதும். இராசவள்ளியில் ஒரு கணுவில் பெரும்பாலும் எதிரெதிராக இரண்டு இலைகள் இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு கணு வைத்து வெட்டி, கீழ்க் கணுவைப் புதைத்து மேல் கணுவை வெளியே விட்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

கணுவுக்குக் கீழே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் காம்பு விட்டு, கூரான பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். கத்தரிக்கோல் கொடியை நசுக்கிவிடும். நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். வெட்டியவுடன் வாளித் தண்ணீரில் போட வேண்டும். காலை எட்டு மணிக்குள் வெட்டி, பத்து மணிக்குள் நட்டு முடிப்பது நல்லது.

"இலையைக் கிள்ளிட்டு நட்டா தண்ணி ஆவியாகாம பிழைக்கும்னு சொன்னாங்களே?"

பிற செடிகளின் குச்சிகளுக்கு அது பொருந்தலாம், இராசவள்ளிக்குப் பொருந்தாது. இந்த முறையில் எல்லாமே இலையைச் சார்ந்தவை. மரவள்ளிக் குச்சியில் மாவு சேமிப்பு இருக்கிறது. அது இலையில்லாமலே துளிர்க்கும். இராசவள்ளிக் கொடியில் அப்படிப்பட்ட சேமிப்பு கிடையாது. வேர் விடும் வரை துண்டுக்குச் சோறு போடுவது அந்த இலை மட்டுமே. இலை உதிர்ந்த துண்டு பிழைத்ததை நான் கண்டதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கொடி எங்கே வேண்டுமானாலும் வேர் விடுவதில்லை. இலைக்காம்பு கொடியோடு சேரும் கக்கத்தில்தான் புதிய வேரும் துளிரும் கிழங்கும் பிறக்கின்றன. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு துண்டை மெதுவாக எடுத்து, அதை நட்ட உமிக்கரியை ஊதிவிட்டுப் பார்த்தால், அந்தக் கக்கத்தில் வெள்ளைப் பரு போன்ற ஒரு வீக்கம் தெரியும். அடுத்த சில நாட்களில் அதிலிருந்து வெள்ளை வேர்கள் நூல்போல நீளும். வெட்டுவாயிலிருந்தோ இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டிலிருந்தோ வேர் வராது. எனவே கணுவே இல்லாத துண்டை நடுவது வீண். கணுவைப் புதைக்காமல் தண்டை மட்டும் புதைப்பதும் வீண். இலை மிகப் பெரிதாக இருந்து பக்கத்துத் துண்டை மறைத்தால், நுனியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

"எதுல நடணும்? தோட்டத்து மண்ணே போதாதா?"

தோட்டத்து மண்ணில் நீர் தங்கும், பூஞ்சையும் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவும் இருக்கும். வேரில்லாத துண்டுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தருவது உமிக்கரி. பல்துலக்கப் பயன்படுத்திய அதே உமிக்கரிதான். மேற்கு ஆப்பிரிக்க ஆய்வு நிலையங்களிலும் கொடித்துண்டுக்கு இதையே பெரிதும் பயன்படுத்துகிறார்கள். அது கிடைக்காவிட்டால் கழுவிய ஆற்று மணலும் நன்றாக ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவும் சம பங்காகக் கலந்து பயன்படுத்தலாம்.

உமிக்கரியை வீட்டிலேயே செய்யலாம். பழைய எண்ணெய்த் தகரத்தில் சுற்றிலும் ஆணியால் துளையிட்டு, உள்ளே சுள்ளி வைத்துத் தீமூட்டி, மேலே ஒரு குழாயைப் புகைபோக்கியாக நிறுத்தி, அதைச் சுற்றி உமியைக் குவிக்க வேண்டும். உமி உள்ளிருந்து வெளியே மெல்லக் கறுத்துக்கொண்டு வரும். அவ்வப்போது கிளறிவிட்டு, குவியல் முழுவதும் கறுத்ததும் தண்ணீர் தெளித்து உடனே அணைத்துவிட வேண்டும். வெளுத்துச் சாம்பலாகிவிட்டால் பயனில்லை. அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து கிடைப்பதில் சாம்பல் அதிகம் கலந்திருக்கும். அதன் காரம் இளம் வேரைச் சுடும். எங்கிருந்து எடுத்தாலும் இரண்டு, மூன்று முறை தண்ணீர் ஊற்றி வடித்துவிட்டே நாற்றுத்தட்டில் நிரப்புங்கள்.

"தண்ணி பாட்டில்ல போட்டு வச்சா வேர் வராதா?"

சில துண்டுகள் வேர் விடும். ஆனால் கொடியின் வழுவழுப்பான சாறு தண்ணீரில் இறங்கி, அடிக்கடி மாற்றாவிட்டால் தண்ணீர் கெட்டு வெட்டுவாய் அழுகும். நீரில் வளர்ந்த வேர் எளிதில் ஒடிவதால் மண்ணுக்கு மாற்றும்போது மீண்டும் அடிபடுகிறது. பார்த்து மகிழ்வதற்குச் செய்யலாம். விதைக்காகச் செய்ய வேண்டாம்.

"வேர் ஊக்கிப் பொடி, இளநீர், கற்றாழை, இதுல எதைத் தடவணும்?"

எதுவும் கட்டாயமில்லை. சரியான வயதுள்ள கொடியை, இலையோடு, ஈரம் குறையாத இடத்தில் வைத்தால் ஊக்கியில்லாமலே வேர் வருகிறது. வயது தவறிய கொடியை எந்தப் பொடியும் காப்பாற்றுவதில்லை. கடைகளில் கிடைக்கும் வேர் ஊக்கியில் பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் இருக்கும். அதைப் பயன்படுத்துவதானால் பொட்டலத்தில் உள்ள குறைந்த அளவே போதும். இளநீரைத் தடவிவிட்டுக் கழுவாமல் விட்டால் அதன் இனிப்புக்குப் பூஞ்சை வந்து சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"தட்டை எங்க வைக்கணும், எவ்வளவு தண்ணி ஊத்தணும்?"

பாதிக்கு மேல் நிழல் தரும் வலையின் கீழ் வைத்து, வளைத்துக் கட்டிய மூங்கில் சிம்பின்மேல் பாலித்தீன் தாளைப் போர்த்திக் கூடாரம் போலச் செய்யுங்கள். தாளின் உட்புறம் எப்போதும் வியர்த்திருக்க வேண்டும். இலை ஒருபோதும் தொங்கக் கூடாது. தண்ணீரை ஊற்றாமல், காலையும் மாலையும் கைத்தெளிப்பானால் பனிபோலத் தெளித்தால் போதும். ஒரு பிடி உமிக்கரியை எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து தாளை நாளுக்குச் சிறிது நேரமாகத் திறந்து வைத்துப் பழக்கி, நான்காவது வாரத்தில் முழுவதும் எடுத்துவிடலாம்.

"இலை மஞ்சளாகி, காம்பு கறுத்து விழுந்துடுது. என்ன தப்பு பண்றேன்?"

எப்போது விழுகிறது என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே காம்பின் அடி குழைந்து கறுத்தால் நீர் மிகுதி, அல்லது பிளேடு அழுக்கு. இலையின் ஓரம் மட்டும் காய்ந்து சுருண்டால் ஈரக்காற்று போதவில்லை. கூடாரத்தில் எங்கோ இடைவெளி இருக்கிறது. இலையில் கரும்புள்ளிகள் பரவி நரம்புகளும் கறுத்தால் அது இலைக்கருகல் பூஞ்சை. இராசவள்ளிக்கு மழைக்காலத்தில் வரும் முதன்மையான நோய் அதுதான், தாய்க்கொடியிலிருந்தே வந்திருக்கும். அத்தகைய துண்டுகளை உடனே அகற்றி எரித்துவிட வேண்டும். அடுத்த முறை, மழை விட்டு இலை உலர்ந்த பிறகு, புள்ளியே இல்லாத கொடியிலிருந்து வெட்டுங்கள்.

இரண்டு மாதம் கழிந்தபின் மெல்ல மஞ்சளாவது வேறு. அடியில் குட்டிக்கிழங்கு நிறைந்துவிட்டால் இலைக்கு வேலை முடிகிறது. அது நோயன்று.

"ஒரு மாசமாச்சு, இலை பச்சையா அப்படியே இருக்கு, ஆனா ஒரு துளிர்கூட வரல. தூக்கிப் போட்டுடவா?"

தயவுசெய்து போடாதீர்கள். என்னை அழைப்பவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் தட்டைக் கவிழ்த்திருக்கிறார்கள். இலை பச்சையாக நிற்கிறது என்றாலே கீழே வேர் இருக்கிறது என்று பொருள். துளிர் விடாமலே, அந்த ஒற்றை இலையின் உழைப்பிலேயே, கக்கத்தில் கிழங்கை உருவாக்கும் இயல்பு இந்தச் செடிக்கு உண்டு. ஐயம் இருந்தால் ஒரே ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். வேர்களுக்கு நடுவே கொண்டைக்கடலை போல ஓர் உருண்டை இருக்கும்.

துளிர் விட்டு ஓடும் துண்டு பெரிய கிழங்கைத் தரும். துளிர் விடாதது சிறியதைத் தரும். முன்னே மாதத்தைப் பற்றிச் சொன்ன விடையில் உள்ள வேறுபாடு இதுவே. சீக்கிரம் வெட்டியவை ஓடும், தாமதமாக வெட்டியவை உருண்டு நிற்கும். ஓடுகிற துண்டுகளை நான்கு, ஐந்து வாரத்தில் சிறு பைகளுக்கு மாற்றி, ஈர்க்கு அல்லது கயிறு கட்டிப் படரவிட்டால் குட்டிக்கிழங்கு கண்ணுக்குத் தெரியும் அளவில் பருக்கும். ஓடாதவற்றைத் தட்டிலேயே விட்டுவிடுங்கள்.

"தாய்க்கொடியை இப்படி வெட்டினா அடியில இருக்கிற கிழங்கு சிறுத்துப் போகாதா?"

போகும், அளவு மீறினால். கிழங்குக்கு உணவு வருவது இலையிலிருந்தே என்பதால் வெட்டிய ஒவ்வொரு கிளைக்கும் ஒரு விலை உண்டு. சமையலுக்கான செடியில் பக்கக் கிளைகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். நான் செய்வது வேறு: வேலி ஓரத்தில் பத்துச் செடிகளைத் துண்டுக்காகவே தனியாக ஒதுக்கி, அவற்றின் கிழங்கில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல் இருக்கிறேன். நன்றாகப் படர்ந்த ஒரு செடியிலிருந்து இருபது, முப்பது துண்டுகள் எடுக்க முடிகிறது.

"குட்டிக்கிழங்கை எப்ப எடுக்கணும்? எடுத்து எப்படி வைக்கணும்?"

இலை தானாக மஞ்சளாகிக் காய்ந்து விழுந்த பிறகு, பெரும்பாலும் மார்கழிக் கடைசியிலோ தையிலோ எடுக்கலாம். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். தோல் இளசாக இருப்பதால் கையால் தேய்க்கக் கூடாது. நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, உலர்ந்த மணலிலோ உமிக்கரியிலோ ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, காற்றோட்டமான மூலையில் வைக்க வேண்டும். எலிக்கு இது மிகவும் பிடிக்கும் என்பதால் மேலே கம்பி வலை அவசியம்.

எடுத்த கிழங்கு உடனே முளைக்காது. இராசவள்ளிக்கு இரண்டு முதல் நான்கு மாதம் வரை இயற்கையான உறக்கம் உண்டு. குட்டிக்கிழங்குக்கும் அது பொருந்தும். மாசியில் முளைக்கவில்லையே என்று தண்ணீரில் ஊறவைத்து அழுகவிட்டவர்கள் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் அது தானாகவே கண் விழிக்கும். 25 கிராமுக்கு மேற்பட்டவற்றை நேரடியாகக் குழியில் நடலாம். அதைவிடச் சிறியவற்றை முதலில் பையில் முளைக்கவைத்து, கொடி ஒரு சாண் வந்த பிறகு குழிக்கு மாற்றுங்கள். 5 கிராமுக்குக் குறைந்தவற்றை இன்னோர் ஆண்டு விதைக்காகவே வளர்ப்பது நல்லது.

"கொடித்துண்டுல வந்த விதைக்கு நோயே வராதாமே?"

பாதி உண்மை. மண்ணில் வாழும் நூற்புழுவும் கிழங்கு அழுகலும் விதைக்கிழங்கோடு வயலுக்கு வயல் பயணம் செய்பவை. கொடித்துண்டு மண்ணைத் தொடாத பகுதியிலிருந்து வருவதாலும், தூய உமிக்கரியில் வளர்வதாலும் அவை அதோடு வருவதில்லை. இது பெரிய நன்மை.

ஆனால் தேமல் போன்ற வைரஸ் நோய்கள் செடியின் சாற்றிலேயே இருக்கின்றன. தாய்க்கொடியில் இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் இருக்கும். இருபது துண்டு எடுத்தால் இருபது நோயாளிகளை உருவாக்கியதாகிவிடும். வெளிர்பச்சைத் திட்டுகள், சுருங்கிய இலை, நரம்போரம் மஞ்சள் ஆகியவை தெரிகிற செடியிலிருந்து எவ்வளவு நல்ல இரகமானாலும் வெட்டாதீர்கள். வைரஸ் நீங்கிய விதை வேண்டுமானால் ஆய்வகத்தில் சிறு திசுவிலிருந்து வளர்த்த திசு வளர்ப்புச் செடியைத் தாயாகக் கொண்டுதான் தொடங்க வேண்டும்.

"என்னோடது நல்ல ஊதாக் கிழங்கு. கொடியில இருந்து வந்தா நிறம் வெளுத்துடுமா?"

வெளுக்காது. கொடித்துண்டில் வருவது அதே செடியின் தொடர்ச்சி. மகரந்தக் கலப்பு எதுவும் நடப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சும் இராசவள்ளிக் கூழுக்கு அந்த ஊதா நிறமே உயிர் என்பதால் அங்கிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நிறம் மாறியது என்று சொன்னவர்களின் தோட்டத்தில் வெள்ளை இரகமும் ஊதா இரகமும் ஒரே பந்தலில் பின்னிக்கிடந்தன. வெட்டும் முன்பே தாய்ச்செடியின் அடியில் வண்ண நூல் கட்டி, தட்டிலும் பெயர் எழுதி வையுங்கள்.

"சிறுவள்ளிக்கும், காட்டு வள்ளிக்கும் இதே முறைதானா?"

சிறுவள்ளி ஒரு செடிக்குப் பல கிழங்குகள் தருவது. ஒவ்வொன்றையும் முழுதாக நடுவதால் அதற்கு விதைத் தட்டுப்பாடு குறைவு. முள்கொடியை வெட்டிச் சிரமப்பட வேண்டிய தேவையில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வெள்ளை வள்ளிக்கு இதே முறை பொருந்தும். ஸ்ரீகாரியம் நிலையத்தின் ஸ்ரீ சுப்ரா, ஸ்ரீ பிரியா ஆகியவை அந்த வகை; ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா ஆகியவை நம் இராசவள்ளி வகை.

காட்டிலிருந்து கொடி எடுத்து வந்து பெருக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காட்டு வள்ளிகளில் சில நச்சுத்தன்மை உள்ளவை. மூன்று சிற்றிலைகள் சேர்ந்த இலையுடைய ஒரு வகையில் டயாஸ்கோரின் என்ற நஞ்சு உண்டு. நாள்கணக்கில் ஓடும் நீரில் ஊறவைத்துப் பக்குவம் செய்யத் தெரிந்தவர்களே அதை உண்ண முடியும். பெயர் தெரியாத கொடியைப் பெருக்கிப் பிறருக்குக் கொடுப்பது ஆபத்து.

"ராத்திரியில பல்பு போட்டா கொடி சீக்கிரம் ஓடும்னு படிச்சேன். உண்மையா?"

உண்மை. கிழங்கு பருக்கும் காலத்தைச் செடி பகல் நீளத்தைக் கொண்டு அறிகிறது. பகல் குறுகக் குறுகக் கிழங்கில் கவனம் செலுத்தும். பகல் நீண்டால் கொடியாக ஓடும். ஆய்வு நிலையங்களில் மாலையில் சில மணி நேரம் விளக்கெரித்து, தாய்ச்செடியை இளமையாகவே வைத்திருந்து, தொடர்ந்து துண்டு எடுக்கிறார்கள். குமரி முனையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. அந்தச் சிறு வேறுபாட்டைக்கூட இந்தக் கொடி உணர்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பே. வீட்டுத் தோட்டத்துக்கு மின்கட்டணம் கட்டுவதைவிட, இரண்டு வாரம் முன்பே வெட்டுவது எளிது.

"அண்ணை, ஊரில இருந்து இராசவள்ளிக் கொடி கொண்டு வந்து லண்டனில வைக்கலாமோ?"

பெட்டியில் வைத்துக் கொண்டு போகக் கூடாது. நடுவதற்கான செடிப் பகுதிகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் போகும் துண்டோடு வைரஸும் பூஞ்சையும் போகக்கூடும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இலையோடு கூடிய துண்டு அந்தப் பயணத்தைத் தாங்காது. அங்கேயே கண்ணாடிக்கூடத்தில் வளர்க்கிறவர்களிடமிருந்து துண்டு வாங்குவதே வழி. முந்தைய விடையில் சொன்ன பகல் நீளம் அங்கே உங்களுக்குச் சோதனையாக இருக்கும்: கோடையில் பதினாறு மணி நேரப் பகலில் கொடி கூரையைத் தொடும், கிழங்கோ பகல் குறுகத் தொடங்கிய பிறகே பருக்கும், அதற்குள் குளிர் வந்துவிடும். எனவே கார்த்திகை வரையாவது சூடு குறையாத இடம் இருந்தால் மட்டுமே முயலுங்கள்.

"வெட்டவே மனசு வரல. கொடியை வெட்டாம அப்படியே மண்ணுல பதிச்சா வராதா?"

வரும். தரையில் கிடந்த கொடியின் கணுவில் தானாகவே சிறு கிழங்கு திரண்டிருப்பதைப் பலர் அறுவடையின்போது பார்த்திருப்பீர்கள். ஆடியில் ஒரு பக்கக் கிளையைப் பந்தலிலிருந்து இறக்கி, உமிக்கரி நிரப்பிய பைகளை வரிசையாக வைத்து, பைக்கு ஒரு கணு வீதம் புதைத்து, இலையை மட்டும் வெளியே விட்டு, வளைத்த கம்பியால் அழுத்தி வையுங்கள். தாயிடமிருந்து உணவும் நீரும் வந்துகொண்டிருப்பதால் கூடாரமோ தெளிப்போ தேவையில்லை. பை காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஐந்து வாரம் கழித்து மெதுவாக இழுத்துப் பார்த்து, பிடிப்பு இருந்தால் இரண்டு பைகளுக்கு இடையே உள்ள கொடியை அறுத்துவிடலாம்.

இதில் எண்ணிக்கை குறைவு. ஒரு கிளைக்கு ஆறு, ஏழு பைகளுக்கு மேல் அமைவதில்லை. நிழல்வலை இல்லாதவர்களும், ஒன்றிரண்டு செடிகளை மட்டும் வேலியில் வைத்திருப்பவர்களும் முதல் ஆண்டில் இதைச் செய்து பார்த்துவிட்டு, அடுத்த ஆடியில் பிளேடைக் கையில் எடுக்கலாம்.